யாழ் நரம்பும் கிட்டார் கம்பியும்: புளூஸ் தனிவாசிப்பில் இன்னிசை – ஒரு வரலாற்றுப் பார்வை

மாஹிமில் எனக்கு இரும்புச் சாமான் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், எல்லா கேஜிலும் கம்பி விற்பேன். 1978-இல் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 17 வயசுப் பையனாக இங்கே வந்தேன். நாங்கள் நயினார் குடும்பம், அதாவது தமிழ்ச் சமணர். என் படிப்பு பள்ளியோடு நின்றுவிட்டது. ஷட்டரை இறக்கிய பிறகு படித்த நூல்கள்தான் எனக்குக் கல்லூரி. ஆகவே இக்கட்டுரையில் குறை இருந்தால் அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

"சீவக சிந்தாமணி படிக்கிற ஆளுக்கு கிட்டாரோடு என்ன வேலை?" என்று நம் சங்க நண்பர்கள் கேட்கலாம். காரணம் என் பேரன். வயசு 16. மூணு வருஷமா கிட்டார் வாசிக்கிறான், புளூஸ் என்ற இசையில் அவனுக்கு மோகம். விரல் மின்னலாக ஓடும். ஆனால் கேட்டு முடித்த பிறகு காதில் ஒண்ணும் தங்காது. ஒரு நாள் வாய் தவறி, "என்னடா இது, தகரக் கொட்டகையில எலி ஓடற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை, கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினான். அதற்கப்புறம் ரெண்டு மாசம், நான் வீட்டில் இருக்கிற நேரத்தில் வாசிக்கவே இல்லை. என்னோடு தமிழில் பேசுவதும் நின்றுபோய் எல்லாம் ஹிந்தியில் ஆயிற்று. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனால் விலையைக் குறைத்துத் திரும்ப அழைக்கலாம். பேரன் கோபித்துக்கொண்டால் எதைக் குறைப்பது?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். "தாத்தா, எங்க சாரும் நீங்க சொன்னதையேதான் சொல்றாரு. ஸ்பீடு இருக்கு, மெலடி இல்லையாம். மெலடின்னா என்ன? உங்க புஸ்தகத்துல இருக்கா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் தேடிக் கொடுத்த பதில்தான் இக்கட்டுரை.

1. புளூஸ் பிறந்த மண்

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய பருத்திக்காடுகள் புளூஸின் தாய்வீடு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களுக்கு 1865-இல் சட்டப்படி விடுதலை கிடைத்தது, ஆனால் வறுமை விடவில்லை. வேலை செய்யும்போது ஒருவர் குரல் எழுப்ப மற்றவர்கள் மறுகுரல் கொடுப்பது அவர்கள் வழக்கம். நம் ஊரில் நடவுப்பாட்டில் ஒருத்தி முதலடி எடுக்க மற்ற பெண்கள் வாங்கிப் பாடுவார்களே, அதே மாதிரி. இந்தக் கேள்வி–பதில் முறையே புளூஸுக்கு முதுகெலும்பு.

டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைக்கலைஞர், 1903 வாக்கில் மிசிசிப்பியில் டட்வைலர் என்ற சிறிய ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது, ஓர் ஏழை மனிதர் கிட்டார் கம்பியின் மேல் கத்தியை அழுத்தித் தேய்த்து வாசித்ததைக் கேட்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கத்தி எதற்கு? கிட்டாரில் மெட்டுகள் உண்டு, ஒவ்வொரு மெட்டுக்கும் ஒரே சுரம். இரண்டு மெட்டுக்கு நடுவே இருக்கும் இழைவைப் பிடிக்கத்தான் அந்தக் கத்தி. மனிதக் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை, வழுக்கிப் போகிறது. நம் சங்கீதத்தில் இதை ஜாரு என்கிறோம். கோட்டுவாத்தியத்தில் கட்டையை வைத்துத் தேய்ப்பதும் இதே காரியத்துக்காகத்தான்.

1920-இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி புளூஸ்' இசைத்தட்டு வெளிவந்து இந்த இசை நாடெங்கும் பரவியது. அதே 1920-களில் லோனி ஜான்சன் என்பவர் கிட்டாரில் ஒவ்வொரு சுரமாக எடுத்துத் தனித்தொடராக வாசித்துக் காட்டினார். இன்று 'சோலோ' என்கிற தனிவாசிப்புக்கு அவர் முன்னோடிகளில் ஒருவர். பிறகு டி-போன் வாக்கர் மின்கிட்டாரில் அதை வளர்த்தார். அடுத்து வந்தவர் பி. பி. கிங் (1925–2015).

2. வீடு, நட்பு, கிளை

புளூஸின் அமைப்பு மிக எளிது. நாலு தட்டுக்கு ஒரு 'பார்' என்று கணக்கு. 12 பார் சேர்ந்தால் ஒரு சுற்று. முதல் 4 பார் ஆதார சுரத்தில் நிற்கும். அடுத்த 2 பார் நான்காம் சுரத்துக்குப் போகும். மறுபடி 2 பார் ஆதாரம். அடுத்து ஒரு பார் ஐந்தாம் சுரம், ஒரு பார் நான்காம் சுரம், கடைசி 2 பார் திரும்ப ஆதாரம். பாட்டும் பெரும்பாலும் மூன்று அடிதான்: ஓர் அடி, அதே அடி மறுபடியும், பிறகு முடிக்கும் அடி.

இதைப் பேரன் தாளில் எழுதிக் காட்டியதும் எனக்குச் சிலப்பதிகார உரைதான் ஞாபகம் வந்தது. நம் பழைய இசைநூலார் ஒரு நரம்பிலிருந்து எண்ணி நான்காவதை 'நட்பு' என்றும், ஐந்தாவதைக் 'கிளை' என்றும் வழங்கினார்கள். நட்பு என்றால் சிநேகம், கிளை என்றால் சுற்றம். ஆக, 12 பார் என்பது ஒரு மனுஷன் வீட்டிலிருந்து கிளம்பி சிநேகிதன் வீட்டுக்குப் போய், திரும்பி வந்து, பிறகு சொந்தக்காரர் வீட்டில் தலையைக் காட்டி, சிநேகிதன் வீட்டில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு, வீடு சேர்வது மாதிரி. நான் இப்படிச் சொன்னதும் பேரன் சிரித்தான். ரெண்டு மாசத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

இங்கேதான் இன்னிசையின் முதல் ரகசியம் இருக்கிறது. சிநேகிதன் வீட்டுக்குப் போனால் அந்த வீட்டுப் பேச்சைப் பேசவேண்டும். என் பேரன் 12 பாரிலும் ஒரே ஐந்து சுரத்தை ஏற்றி இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தான். எந்த வீட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பே அந்த வாசிப்பில் இல்லை.

3. ஐந்து நரம்பும் மூன்றாம் நரம்பும்

நம் முன்னோர் ஏழு சுரம் உள்ளதைப் 'பண்' என்றும், ஐந்து சுரம் உள்ளதைத் 'திறம்' என்றும் பிரித்தார்கள். புளூஸ் வாசிப்பவர்கள் ஆதாரமாகப் பிடிப்பது இரண்டு ஐந்து சுர வரிசைகள். ஒன்று நம் மோகனம். மற்றொன்று ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், ப, கைசிகி நிஷாதம் வரும் சுத்த தன்யாசி. இவை இரண்டும் உறவுக்காரர்கள். மோகனத்தின் தைவதத்தை ஆதாரமாக மாற்றினால் கிடைப்பது சுத்த தன்யாசிதான். இப்படி ஆதாரத்தை மாற்றிப் புதுப்புதுப் பண் எடுக்கும் வித்தை சிலப்பதிகாரத்திலேயே விரிவாக உண்டு.

இனி மூன்றாம் நரம்பு. ஆதாரத்தில் நிற்கும்போது பக்கவாத்தியம் வாசிக்கும் கார்டில் (சுரக்கூட்டில்) அந்தர காந்தாரம் இருக்கிறது. நான்காம் சுரத்துக்குப் போனதும் அங்குள்ள கார்டில் சாதாரண காந்தாரம் வந்துவிடுகிறது. இடைவெளி அரைச்சுரம்தான், அதாவது கிட்டாரில் ஒரே ஒரு மெட்டு. ஆனால் தேர்ந்த வாசிப்பாளர் வீட்டில் இருக்கும்போது அந்தர காந்தாரத்தையும், சிநேகிதன் வீட்டுக்குப் போனவுடன் சாதாரண காந்தாரத்தையும் தொடுவார். ஐந்தாம் சுரத்துக்குப் போகும் அந்த ஒரு பாரில் காகலி நிஷாதம் இனிக்கும். இப்படிச் செய்தால் பக்கவாத்தியமே இல்லாமல் தனியாக வாசித்தாலும் பாட்டு எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று கேட்பவருக்குப் புரியும். புளூஸ்காரர்கள் இன்னொன்றும் செய்வார்கள். சாதாரண காந்தாரத்தைத் தொட்டு, கம்பியை மேலே தள்ளி, அந்தரத்துக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்துவார்கள். அந்த நடு இடத்துக்குப் பியானோவில் கட்டையே கிடையாது. புளூஸின் அழுகை முழுக்க அங்கேதான் குடியிருக்கிறது.

நட்பும் கிளையும் சொன்ன நம் இசைநூலார் மூன்றாம் நரம்பைப் 'பகை' என்றார்கள். பகையைக்கூட இப்படிப் பக்குவமாகக் கையாண்டால் பாட்டுக்கு உயிர் வரும் போலிருக்கிறது!

4. எட்டுக் கரணம்

சிலப்பதிகாரம் கானல்வரியில் மாதவி யாழைக் கையில் வாங்கி வாசிக்கத் தொடங்கும் இடத்தில், எட்டு வகை இசைக்கரணங்களை வரிசையாகச் சொல்கிறார் இளங்கோவடிகள். பழைய உரைமரபு ஒவ்வொன்றையும் விளக்குகிறது. நான் எனக்குப் புரிந்த அளவில் வியாபாரி பாஷையில் சொல்கிறேன்.

முதலாவது பண்ணல்: பாடப்போகும் பண்ணுக்குத் தக்கபடி நரம்புகளைச் சேர்த்துக் கட்டுவது. இரண்டாவது பரிவட்டணை: கட்டிய நரம்பை விரலால் தடவிப் பார்ப்பது. மூன்றாவது ஆராய்தல்: ஏற்றத்திலும் இறக்கத்திலும் சுரங்களைத் தெரிந்துகொள்வது. நான்காவது தைவரல்: சுருதியோடு இழையவிடுவது. ஐந்தாவது செலவு: ஆலாபனையில் நிறைவாகச் சஞ்சரிப்பது. ஆறாவது விளையாட்டு: சந்தம் பிடித்து நடப்பது. ஏழாவது கையூழ்: பாடல்களை இனிமையாகப் பாடுவது. எட்டாவதுதான் குறும்போக்கு: துள்ளல் நடை, ஓட்டம்.

கவனித்தீர்களா? ஓட்டம் கடைசியில் வருகிறது. என் பேரனும், அவனை மாதிரி ஆயிரம் பிள்ளைகளும், எட்டாவதிலேயே கடையைத் திறக்கிறார்கள். முதல் ஏழும் சரக்கு. எட்டாவது ஷோகேஸ். சரக்கே இல்லாமல் ஷோகேஸ் மட்டும் வைத்தால் கடை எத்தனை நாள் நடக்கும்?

5. மிடறு முன்னே, நரம்பு பின்னே

சிலம்பின் அரங்கேற்று காதையில் வாத்தியங்கள் சேரும் முறை கூறப்படுகிறது. குழலைப் பின்தொடர்ந்து யாழ் வருகிறது. யாழுக்குப் பின் தண்ணுமை, அதற்குப் பின் முழவு. குழல் மூச்சால் ஒலிப்பது. மூச்சு தீர்ந்தால் நிறுத்தித்தான் ஆகவேண்டும். நரம்புக்கருவிக்கு மூச்சு வேண்டாம், விரல் வலிக்கிறவரை ஓட்டலாம். அதுதான் அதன் ஆபத்து. குழல் வழியே நடக்கிற யாழுக்கு, எங்கே மூச்சு விடணும் என்பது தானே தெரிந்துவிடும்.

இதற்கு உச்சமான காட்சி சீவக சிந்தாமணியில் உள்ளது. எங்கள் சமண முனிவர் திருத்தக்கதேவர் பாடிய இந்தக் காப்பியத்தை உ. வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்தார். சமண சமயக் கருத்துகளில் அவருக்கு ஏற்பட்ட ஐயங்களைக் கும்பகோணத்துச் சமணர்கள் தீர்த்து உதவினார்கள் என்பதை இங்கே பெருமையோடு நினைவுகூர்கிறேன். காந்தருவதத்தையார் இலம்பகத்தில் இசைப்போட்டி நடப்பது சீதத்தன் என்ற வணிகன் ஏற்பாட்டில். காந்தருவதத்தை பாடும்போது புருவம் ஏறவில்லை, கண் ஆடவில்லை, தொண்டை விம்மவில்லை. கேட்டவர்கள் இவள் வாயைத் திறந்து பாடினாளா, இல்லை வீணைக்கே நாக்கு முளைத்ததா என்று மயங்கி நின்றார்களாம். குரல் எது, நரம்பு எது என்று பிரிக்க முடியாத அந்த இடம்தான் இன்னிசை.

பிறகு சீவகன் வருகிறான். கொடுத்த யாழ்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். ஒன்று நீரில் நின்று ஊறிய மரம், ஒன்று வெட்டுக்காயம் பட்ட மரம், ஒன்று இடி விழுந்த மரம். நரம்பிலும் குற்றம் காண்கிறான். கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று நரம்புக்கு நான்கு குற்றங்களை நூல்கள் சொல்கின்றன. கம்பி விற்கிற எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் மனசு குளிரும். முறுக்கு சரியில்லாத கம்பியை நானும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

இப்போது பி. பி. கிங்கைப் பாருங்கள். அவர் தம் கிட்டாருக்கு 'லூசில்' என்று பெயர் வைத்திருந்தார். பாடும்போது வாசிக்கமாட்டார், வாசிக்கும்போது பாடமாட்டார். ஓர் அடி அவர் பாடுவார், அடுத்ததற்கு லூசில் பதில் சொல்லும். அவருடைய உறவினர் புக்கா வைட், கம்பியின் மேல் உலோகத்தை வழுக்கி வாசிப்பதில் வல்லவர். அது கிங்குக்குக் கைவரவில்லை. அதனால் அந்த ஒலியைப் பிடிக்க, விரலை வைத்த இடத்திலேயே நடுங்கவிடப் பழகினார். நம் பாஷையில் அது கம்பித கமகம். தம்மால் முடியாத ஒன்றிலிருந்து அவர் தம் அடையாளத்தையே உண்டாக்கிக்கொண்டார். நாலைந்து சுரம்தான் வாசிப்பார், ஆனால் முதல் சுரத்திலேயே யார் என்று தெரிந்துவிடும்.

6. மாஹிம் வரை வந்த நரம்பு

'அது அமெரிக்கா, இது சிலப்பதிகாரம், ரெண்டும் எங்கே சந்தித்தன?' என்று கேட்பீர்கள். சந்தித்தன. அந்தக் கதையின் ஒரு முனை நம் மாஹிமில் இருக்கிறது.

ஜான் மெக்லாஃப்லின் 1942-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறுவயதில் அவரைக் கிட்டாருக்கு இழுத்தது புளூஸ் இசைத்தட்டுகள்தான். பிறகு ஜாஸில் பெரும்புகழ் பெற்றார், மின்னல் வேகக்காரர் என்று பெயர். அந்த வேகக்காரர் 1970-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழரிடம் வீணை கற்றார். அந்த ஆசிரியர் டாக்டர் எஸ். ராமநாதன் (1917–1988). சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். செம்பாலை என்பது அரிகாம்போதியே என்று கொண்ட ஆய்வாளர்களில் ஒருவர். புளூஸில் ஆதார கார்டின் மேல் சரியாகப் பொருந்தும் ஏழுசுர வரிசையும் அதே அரிகாம்போதிதான் என்பதை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது.

அதே 1970-களில் மெக்லாஃப்லின் 'சக்தி' குழுவைக் கட்டினார். வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன். ஜாகிர் 1951-இல் மாஹிமில் பிறந்து, இங்குள்ள செயின்ட் மைக்கேல் பள்ளியில் படித்தவர். நம் பிள்ளைகள் பலரும் படித்த அதே பேட்டை. மெக்லாஃப்லின் தமக்கென்று ஒரு கிட்டார் செய்வித்தார். மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கி, வீணையில் இழுப்பது போல் கம்பியை இழுக்க வழி செய்திருந்தார்கள். ஆதார சுருதி கூடவே அதிர ஏழு துணைக்கம்பிகள் வேறு. ஒரு மேதை வேகத்தை வைத்துக்கொண்டே இழைவைத் தேடி நம் வாசலுக்கு வந்தார் என்பதே இதன் பொருள்.

அந்தக் குழு கலைந்து, 1997-இல் 'ரிமெம்பர் சக்தி'யாக மீண்டும் எழுந்தது. அதில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) சேர்ந்தார். மெட்டுள்ள சின்ன மேல்நாட்டு வாத்தியத்தில் கமகம் பேசவைத்தவர் அவர். செம்பூரில் பிறந்த சங்கர் மகாதேவனும் இணைந்தார். 2024 பிப்ரவரியில் சக்தியின் 'திஸ் மொமென்ட்' இசைத்தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தது. அதே வருஷம் டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்தார். அன்று பேரன் தன் போனில் அந்தப் பழைய 1970-களின் வாசிப்பைப் போட்டுக் காட்டினான். எனக்குத் தாளக்கணக்கு அவ்வளவு பிடிபடவில்லை. ஆனால் வயலினும் கிட்டாரும் மாறி மாறிப் பேசியது பிடிபட்டது. கேள்வி, பதில், மூச்சு.

7. சொல்லக்கூடாதது ஒன்று, செய்யவேண்டியது ஒன்று

இப்படிப்பட்ட மலர்களில் 'எல்லாம் நம்மிடமிருந்து போனதே' என்று முடிப்பது வழக்கம். நான் அப்படி முடிக்கமாட்டேன். புளூஸ் அந்த மக்களின் சொந்த உழைப்பு, சொந்தக் கண்ணீர். அதற்கு நாம் சொந்தம் கொண்டாடுவது பிறர் சரக்கில் நம் முத்திரை குத்துவது மாதிரி. ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு கூட்டத்தார், நரம்பைப் பாடவைப்பது எப்படி என்று யோசித்து, ஒரே முடிவுக்கு வந்தார்கள். என் அறிவுக்கு அதுவே பெரிய அதிசயம்.

பேரனும் நானும் சேர்ந்து வகுத்துக்கொண்ட பயிற்சி இதுதான். முதலில் கிட்டாரைத் தொடாமல் 12 பாருக்கு வாயால் முணுமுணுக்கணும். முணுமுணுக்க முடிந்ததை மட்டும் கம்பியில் எடுக்கணும். ரெண்டு பார் கேள்வி கேட்டால், பதிலுக்கு முன் ஒரு மூச்சு விடணும். ஒரு நல்ல சிறு தொடர் கிடைத்தால் அதை வீசிவிட்டு ஓடாமல், கொஞ்சம் மாற்றித் திரும்பச் சொல்லணும். புளூஸ் பாட்டிலும் முதலடி ரெண்டு முறை வருகிறதே! நான்காம் சுரத்துக்குப் போகும்போது மூன்றாம் நரம்பு மாறுவதை மறக்கக்கூடாது. ஓட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எட்டாவது இடத்தில் வரட்டும்.

முதல் வாரம் அவனுக்கு வெட்கம், பாடவே மாட்டேன் என்றான். நான் கரகரக் குரலில் ஆரம்பித்து வைத்தேன். என் சுருதி கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான், அதோடு வெட்கமும் போயிற்று. இப்போது பொழுது சாய்வதற்குள் நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் வாசிக்கிறான். இன்னும் சில நாள் எலி ஓடத்தான் செய்கிறது. ஆனால் நடுவே ஒரு சுரத்தைத் தள்ளி, நிறுத்தி, விடுகிறான் பாருங்கள், அப்போது என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.

போன மாசம், "தாத்தா, அந்த எட்டையும் தமிழ்லயே எழுதிக் குடுங்க" என்றான். எழுதிக் கொடுத்தேன். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். 'தைவரல்' என்பதற்கு மட்டும் நாலு தடவை தடுமாறினான். அந்தத் தாள் இப்போது அவன் கிட்டார் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறது.

வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர்களே, தாத்தா பாட்டிமார்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை கிட்டாரோ கீபோர்டோ எதை எடுத்தாலும், 'இது நம்முடையது இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவன் கேட்கும் கேள்விக்கு விடை நம் ஏடுகளில் இருக்கக்கூடும். தேடிக் கொடுப்பது நம் வேலை. வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்லுக்காக ரெண்டு மாசம் மௌனத்தைக் கேட்டவன் அனுபவத்தில் சொல்கிறேன்.